அவரவர் அட்டை

வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியின் பிடியில் மஞ்சள் அட்டையைக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார் விக்னராஜா. பிறகு என் பக்கம் திரும்பி இன்னொரு அட்டையை நீட்டினார்.

“இது உம்மட அட்டை. பேரை எழுதிக் கட்டும்.”

“எனக்கு எதுக்குங்க? நான் நாற்காலியைத்தானே பிடிக்கப் போறேன்.”

“பிடிக்கிறவனும் வேலைக்காரன்தான் ஐசே. வேலை முடிஞ்சாப்போல நீரே வந்து உம்மடதைக் கழட்டும். நான் தொடமாட்டன்.”

சமையலறையில் ஒரு பல்ப் மாற்றுவதற்காக இவ்வளவும். மெல்போர்னில், நோபல் பார்க்கில் அவர் வீட்டுக்குப் போகும் எவருக்கும் இந்த மரியாதை உண்டு. நான் ‘பழனிசாமி’ என்று எழுதினேன். தேதி, மணி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். போட்டுக் கட்டினேன். பல்ப் அரை நிமிடத்தில் மாறிவிட்டது. அட்டைகளை அவிழ்க்கத்தான் அதைவிட அதிக நேரம் ஆயிற்று.

ஒருநாள் இவர் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு, வயர் வாங்க டாண்டினாங் வரைக்கும் போயிருக்கிறார். வழியில் கார் மக்கர் செய்துவிட்டது. இரண்டரை மணி நேரம் வீட்டில் கரண்ட் இல்லை. கரண்ட் அடுப்பில் சோறு அரைவேக்காட்டில் நிற்க, சிட்னியிலிருந்து வந்த விருந்தாளிகள் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி விமலாதேவி இதைச் சொல்லும்போது சிரிப்பார். “ஒரு கயிறுதானே, நீங்களே அவிழ்த்திருக்கலாமே” என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அவிழ்க்கலாம். பிறகு இந்த மனுசன் ஒரு கிழமைக்கு நித்திரை கொள்ளாது. எனக்குச் சோறு அவியாட்டிப் பரவாயில்லை.”

விக்னராஜாவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. குள்ளம், ஆனால் தோள் அகலம். இலங்கையில் பதினெட்டு வருடம் மின்கம்பி வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். எழுபத்து மூன்றில் மெல்போர்னுக்கு வந்தபோது அவருடைய சான்றிதழ்களை இங்கே யாரும் சட்டை செய்யவில்லை. மின்கம்பி இழுத்துக் கொடுக்கும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து மறுபடி கம்பத்தில் ஏறினார். “கம்பத்துக்குச் சேர்ட்டிபிக்கேட் தெரியாது. காலை ஒழுங்கா வைச்சால் ஏறவிடும்” என்பார். குறைப்பட்டுக்கொண்டு சொல்வதில்லை. அவர் சுபாவமே அப்படி.

இன்னொரு சுபாவமும் உண்டு. அவர் கை சும்மா இருக்காது. விமான நிலையத்தில் முதன்முதல் என்னைப் பார்த்தபோது, பெயரைக் கேட்பதற்கு முன்பே என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். நம்மவர்கள் கூடும் பொங்கல் விருந்தில் அடுத்தவர் சாப்பிட்ட தட்டையும் சேர்த்துக் கழுவிவைப்பார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரின் குப்பைத் தொட்டி திங்கட்கிழமை காலையில் தானாகவே தெருவுக்கு வந்துவிடும். “அந்தாளுக்கு இடுப்புப் பிடிப்பு ஐசே” என்று நாம் கேட்காமலே சமாதானம் சொல்லுவார். இப்படி ஒரு மனிதரின் கைதான் அந்தக் காரியத்தைச் செய்தது.

எழுபத்தைந்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. ஊருக்கு வெளியே ஒரு தெருவில் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. கம்பிக்குக் கரண்ட் வரும் சுவிட்சை அணைத்துவிட்டு, ஏறுகிற ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய அட்டையை அதில் கட்டுவார்கள். வேலை முடிந்து இறங்கியவன் தன் அட்டையை அவிழ்ப்பான். கடைசி அட்டையும் போன பிறகு ஃபோர்மன் சுவிட்சைப் போடுவார்.

அன்று திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. விக்னராஜா தன் அட்டையை அவிழ்க்கச் சுவிட்சுக்குப் போனார். அங்கே இன்னும் ஒன்று தொங்கியது. நிக்கோஸ் என்ற கிரேக்கருடையது. நிக் என்று கூப்பிடுவார்கள். அவர் இறங்கி லாரிப் பக்கம் நடந்ததை விக்னராஜா தன் கண்ணால் பார்த்திருந்தார். பாவம், இதற்காக ஒரு மனிதன் மழையில் இருநூறு அடி நடந்து வரவேண்டுமா? அதையும் அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிக் தன் கம்பி வெட்டும் குறட்டைக் கம்பத்து உச்சியிலேயே மறந்து வைத்திருந்தார். அதை எடுக்கத் திரும்பவும் ஏறிவிட்டார். தன் அட்டை சுவிட்சில் இருக்கிறது என்ற தைரியம். அட்டை எதுவும் இல்லாததைப் பார்த்து ஃபோர்மன் சுவிட்சைப் போட்டார்.

நிக் உயிர் பிழைத்தார். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே விக்னராஜா உண்மையைச் சொல்லிவிட்டார். “உனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், வேறு யாரிடமும் சொல்லாதே, சொன்னால் எனக்குக் கை முளைக்காது” என்றாராம் நிக். இதை என்னிடம் சொல்லிவிட்டு விக்னராஜா ஒன்று சேர்ப்பார். “அவன் ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பன். ஏசேல்லை.”

நிறுவனத்தின் விசாரணையில் நிக் வாயைத் திறக்கவில்லை. மழையோடு அடித்த காற்றில் அட்டை பறந்திருக்கலாம் என்று எழுதி முடித்தார்கள். விக்னராஜாவும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் அப்படியே போயிற்று. அந்த ஒரு வருடத்தில் தன் புருஷன் வீட்டில் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிறார் விமலாதேவி.

மறு ஆண்டு ஒரு புதுமை நடந்தது. அதுவரை விபத்து நடந்தால் அரசாங்கம் நிறுவனங்களுக்கும், நிறுவனங்கள் அரசாங்கத்துக்கும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொள்வதுதான் நடைமுறை. தொழிற்சங்கம் இரண்டு பேரையும் திட்டி ஒரு கடிதம் எழுதும். இந்த முறை மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கம்பத்தில் ஏறுகிறவர்களின் பாதுகாப்புக்குப் பொது விதி எழுதுவது என்று முடிவாயிற்று. அனுபவசாலி என்று தொழிலாளர் பக்கத்திலிருந்து விக்னராஜாவைச் சங்கம் அனுப்பியது. கையிழந்தவர் என்று நிக்கும் வந்திருந்தார்.

அட்டை விஷயம் மூன்றாவது கூட்டத்தில் வந்தது. அட்டை காற்றில் பறந்ததுதானே காரணம்? நூல் கயிற்றுக்குப் பதில் செப்புக் கம்பியால் கட்டினால் போயிற்று. அரசாங்க அதிகாரி சரி என்றார், நிறுவனத்து மேலாளர் சரி என்றார், சங்கத்துக்காரரும் தலையாட்டினார். காற்றின் மேல் பழியைப் போடுவதில் யாருக்கும் கஷ்டமில்லை. அடுத்த விஷயத்துக்குப் போகக் காகிதத்தைப் புரட்டினார்கள்.

“அப்ப நான் எழும்பினன்” என்றார் விக்னராஜா. “காத்து இல்லை, நான்தான் கழட்டினனான் எண்டு சொன்னன். செப்புக் கம்பியால கட்டியிருந்தாலும் கழட்டியிருப்பன், அவன் நனையப்போறான் எண்டுதானே கழட்டினனான் எண்டும் சொன்னன்.”

“நிக் என்ன செய்தார்?”

“கண்ணை மூடிக்கொண்டு இருந்தான்.”

வேலை போய்விடும், வழக்கும் வரலாம் என்று தெரிந்துதான் சொன்னார். முந்தின இரவே மனைவியிடம் சொல்லியிருந்தார். விமலாதேவி அழவில்லை. இடியப்பத்துக்கு மாவு வறுத்துக்கொண்டே, “சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு பாப்பம்” என்றாராம். அந்த அம்மாளை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மேலாளர் உடனே விசாரணையைத் திரும்பத் திறக்கவேண்டும் என்றார். அரசாங்க அதிகாரி பேனாவை மூடிவைத்தார். இவரைத் தண்டித்தால் நாளைக்கு இந்த அறைக்குள் வந்து ஒருவரும் உண்மை பேசமாட்டார்கள், நாமும் காற்றுக்கு விதி எழுதிக்கொண்டே இருப்போம் என்று சொன்னாராம். சங்கத்துக்காரர் அதை ஆமோதித்து மேசையைத் தட்டினார். இழுபறி மாலைவரை நடந்தது. கடைசியில் எல்லாத் தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்தில் சொன்னதற்காக எவர் வேலையும் போகாது, எவர் மேலும் வழக்கு வராது. ஆறு மாதம் கம்பத்தில் ஏறாமல், கிடங்கில் ரப்பர் கையுறை சோதிக்கும் வேலை மட்டும் அவருக்கு.

விதியும் வந்தது. ஒருவர் அட்டையை இன்னொருவர் தொடவே கூடாது. அட்டைக்கு உரியவர் வரமுடியாவிட்டால், ஃபோர்மன் நேரில் போய் அவரைத் தரையில் நிற்கக் கண்ட பிறகே அவிழ்க்கலாம். விக்னராஜாவின் வாயில் அது சுருங்கிவிட்டது. “ஆருடைய அட்டையோ, அவன்தான் கழட்டவேணும்.”

கிடங்குப் பழக்கம் இன்னும் போகவில்லை. மனைவி பாத்திரம் கழுவும் கையுறையைக்கூடக் காற்றடைத்துச் சுருட்டி, எங்காவது கசிகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். விமலாதேவி தலையில் அடித்துக்கொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நிக் வந்திருந்தார். ஒரு பை நிறைய அவர் தோட்டத்துத் தக்காளி. வாசல் விளக்கு கெட்டுக் கிடந்ததால் மூன்று பேருமாக வேலையில் இறங்கினோம். விக்னராஜா ஏணியில் ஏறினார், நான் ஏணியைப் பிடித்தேன், நிக் இடது கையால் ஸ்க்ரூக்களை வாங்கி வைத்துக்கொண்டார். பெட்டியில் மூன்று அட்டைகள்.

வேலை முடிந்தது. நான் என் அட்டையை அவிழ்த்தேன். விக்னராஜா தன்னுடையதை அவிழ்த்தார். உள்ளே டிவியில் படம் பாதியில் நின்றுபோனதென்று விக்னராஜாவின் பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். வானம் மூடி, தூறல் போட ஆரம்பித்தது. நிக் பெட்டி முன்னால் வந்து நின்று, இடது கையின் இரண்டு விரல்களால் முடிச்சைப் பிடித்தார். அது இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினார். நழுவியது. பல்லால் கயிற்றின் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். தூறல் வலுத்து அவர் கழுத்தில் இறங்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை, ஒரு அடி முன்னால் வைத்தேன். விக்னராஜா தலையை மட்டும் அசைத்து என்னைத் தடுத்தார்.

அவரும் நனைந்துகொண்டுதான் நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.