கோழி எழுந்த நேரம்

பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். அன்று வெட்டுவதற்காக மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணிமீது, கம்பெனிக்குப் பக்கத்து வீட்டுச் சரசக்காவின் கோழி ஏறி நடந்தது. ஆத்திரத்தில் அதைப் பிடித்து மல்லாத்தி அமுக்கினேன். கையை எடுத்த பிறகும் அது அசையவில்லை. கால் விறைத்துக் கிடந்தது. செத்தேவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கோழியைத் தேடி அக்காவே வந்துவிட்டார்.

"அக்கா, மன்னிச்சுருங்க, கோழிய நாந்தான் கொன்னுட்டனுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் வாய் நிற்கவில்லை. "எங்க வேஸ்ட் துணி மூட்டைக்குள்ள அது தெனமும் வெச்ச முட்டையையும் நாந்தானுங்க ஆம்லெட் போட்டுத் தின்னேன்."

அக்கா கோழியை ஒரு விரலால் தட்டினார். அது துள்ளி எழுந்து, துணியில் எச்சமிட்டுவிட்டு ஓடியது.

"சாகலீங்க மாஸ்டர். பயந்துட்டா கோழி இப்படித்தானுங்க, செத்தாப்புல கெடக்கும்" என்றவர், சட்டென்று என்னை முறைத்தார். "ஏனுங்க, முட்டையெல்லாம் நீங்கதானுங்களா? பூனை திங்குதுன்னு அதையல்லோ அடிச்சுத் தொரத்துனேன்!"

அந்தப் பூனையின் முகத்தில் விழிக்க இன்றும் எனக்குக் கூச்சம். பயம் வந்ததும் கோழி வாயை மூடிக்கொண்டு கிடந்தது. அந்த அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று.