ஆறாவது பெயர்

எங்கள் பெரியப்பா தன் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. ஆனால் திருகோணமலையில் அவர் குரல் இல்லாமல் உதைபந்தாட்டம் களைகட்டாது. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், ஒருநாள் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். வரவேண்டிய அறிவிப்பாளர் அன்று வரவில்லை. "இவ்வளவு கத்துறவர் மைக்கில கத்தட்டும்" என்று யாரோ பிடித்து மேசையில் இருத்திவிட்டார்கள். சாகும்வரை அவர் அந்த மேசையைவிட்டு எழும்பவில்லை.

பந்து இலக்குத் தவறிப் பறந்தால், "பிள்ளையள், ஆராவது தோணி எடுங்கோ, பந்து கடலுக்குப் போகுது" என்பார். உதைத்தவனே சிரித்துவிடுவான். மூதூர் அணி, கிண்ணியா அணி என்ற பேதம் அவருக்கில்லை. தோற்றவர்களைத்தான் கூடுதலாகப் புகழ்வார். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் எல்லாம் அவர் மேசைக்கே வந்து சேர்வார்கள். "நீலச் சட்டை போட்ட தம்பி இஞ்ச இருக்கிறார், அம்மா பதறாமல் வாங்கோ" என்று சொன்னால் போதும், அம்மா ஓடி வந்துவிடுவார்.

போர் வந்து, எங்கள் ஊரான சம்பூரை விட்டு நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. பெரியப்பாவின் ஒரே மகன், எங்கள் அண்ணன், மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பாதி வழியில் திரும்பிப் போனார். பிறகு அவரைக் காணவில்லை. தேடாத இடமில்லை. நகரத்தில் மைதானத்துக்குப் பின்தெருவில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஒன்றாக இருந்தோம்.

எட்டு வயதில் பெரியப்பா என்னை முதன்முதலாக மேசைக்குக் கூட்டிப் போனார். பெயர்ப் பட்டியல் காற்றில் பறக்காமல் பிடிப்பது என் வேலை. வாசிக்கத் தெரிந்த கர்வம் எனக்குக் கொஞ்சமல்ல. "பேரைப் பிழையா வாசிச்சா அந்த ஆளையே அவமதிச்ச மாதிரி" என்று வழியில் அவர்தான் சொல்லித் தந்தார்.

எங்கள் அணியின் மேலதிக ஆட்டக்காரர்களை வாசித்தார். தாளில் இருந்தது ஐந்து பெயர். அவர் ஆறு வாசித்தார். ஆறாவது அண்ணனின் பெயர். ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்படித்தான் வாசிப்பாராம், எல்லோருக்கும் தெரியுமாம். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். எதிரணிப் பையன்களும் அசையவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"பெரியப்பா, அண்ணான்ர பேர் இதில இல்லை. பிழையா வாசிக்கிறீங்கள்."

மைக் என் வாயருகே இருந்தது. நான் சொன்னது தெருவெல்லாம் கேட்டது. இன்றும் அந்த வசனம் நினைவுக்கு வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

பெரியப்பா ஏசவில்லை. "ஓம் பிள்ளை, பிழைதான்" என்றார். ஐந்து பெயரை மட்டும் திரும்ப வாசித்தார். அன்று பந்து எத்தனை முறை வெளியே பறந்தும் அவர் தோணியைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் வர்ணித்தார். அவருடைய செத்தவீட்டுக்கு மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பழைய ஆட்டக்காரர்கள் வந்து நின்றார்கள். ஆனால் அந்த ஆறாவது பெயரை அவர் பிறகு வாசிக்கவேயில்லை.

அன்று ஆட்டம் முடிந்ததும் நான் முன்னால் ஓடி வந்தேன். வீட்டு வாசற்படலைக்கு வெளியே கதிரை போட்டுப் பெரியம்மா இருந்தார். ஆட்டம் நடக்கும் நாட்களில் அவர் அங்கேயிருந்துதான் கேட்பார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"மைக்கில கதைச்சது நீயோ பிள்ளை?"

"ஓம் பெரியம்மா. நான்தான் பிழையைத் திருத்தினனான்."

என் தலையைத் தடவினார். "நல்லா வாசிக்கப் பழகிட்டாய்" என்றார்.

அடுத்த ஆட்டத்துக்கு நாங்கள் புறப்பட்டபோது பெரியம்மா குசினியில் ஏதோ வேலையாக இருந்தார், வெளியே வரவில்லை. அவருக்குப் பந்தாட்டத்தில் ஆசை விட்டுப்போயிற்றாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பெரியப்பாவின் கையைப் பிடித்தபடி நான் மைதானத்துக்கு நடந்தேன்.