அடம்பன் களத்தில் சொல்லாத சேதி

சரக்கை விற்றுவிட்டு மறுநாள் கிளம்புகிறவனுக்கு எல்லா ஊரும் நல்ல ஊர்தான். எருக்கலம்பிட்டியிலிருந்து புடைவைப் பொட்டலத்தோடு வருஷம் முழுக்கச் சுற்றியவன் நான். எந்த ஊர் எந்த மாதத்தில் அழகு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாசியில் அடம்பன். முத்துக்குளிப்பு உள்ள வருஷமென்றால் பங்குனியில் சிலாபத்துறை. ஆடியில் மாதா கோயில் திருவிழாவுக்கு மடு. ஐப்பசி மழை தொடங்கினால் வீடு.

முத்துக்குளிப்புக்காகச் சிலாபத்துறையில் எழும்பும் குடியிருப்பை ஊர் என்று சொல்வதே பகிடி. வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களால் தெருத் தெருவாக முளைக்கும். தேநீர்க் கடை வரும், பொலிஸ் வரும், தொழுவதற்கு இடம் வரும், ஈயும் வரும். துரைமாரின் கூடாரங்கள் காற்று வரும் பக்கம், எங்கள் கொட்டில்கள் முத்தெடுக்கச் சிப்பியை அழுக வைக்கும் பக்கம். வைகாசியில் போய்ப் பார்த்தால் சிப்பி ஓட்டுக் குவியலும் நாலைந்து நாய்களும்தான் கிடக்கும். மடு அப்படியல்ல. பெரிய மரங்களின் நிழலில் சனம் சமைத்துத் தின்று, பாடி, அழுது, நேர்த்திக்கடன் தீர்த்துவிட்டுப் போகும். அழுத கண்ணோடு வருகிறவர்களும் ஒரு சேலையைப் புரட்டிப் பார்க்காமல் போக மாட்டார்கள்.

ஆனால் என் மனம் முழுக்க அடம்பனில்தான் இருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர், வழியெல்லாம் வைக்கோல் வாசம், வயிறு நிறைந்த மாடுகள். கடலும் மணலும் தவிர வேறொன்றும் காணாத என் மனைவிக்கு இதையெல்லாம் சொல்லிச் சொல்லி, அவளுக்கும் ஆசை மூட்டிவிட்டேன். தலைப்பிள்ளை வயிற்றில் இருந்த வருஷம், பிள்ளை பிறக்கட்டும், அடுத்த மாசிக்கு வண்டில் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். பேறுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார்கள். நானும் நம்பினேன்.

அடம்பனில் நான் தங்குவது நெல் விதைக்கும் ஒரு கமக்காரரின் வளவில். என்னைவிட மூத்தவர், சைவக்காரர், ஆனாலும் முஸ்லிம் ஆட்களை அழைக்கும் வழக்கப்படி என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். தொழுகை நேரத்தில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லும் மனிதர். அவருடைய களத்தில் மாடுகளை விட்டுக் கதிரைச் சூடு மிதிக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்து கதை சொல்வது என் வழக்கம். களத்துக்கு ஆயிரம் கட்டுப்பாடு. செருப்போடு மிதிக்கக்கூடாது. நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை, போதும், முடிந்தது என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. கூடாத சேதி எதுவானாலும் பொலியை அளந்து மூட்டை கட்டும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் பூதம் பொலியை வாரிக்கொண்டு போய்விடுமாம். எனக்கு அதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

அன்று காலை மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டில்காரன் வந்தான். கமக்காரர் வரம்பிலேயே அவனை மறித்து ஏதோ பேசினார். பிறகு மரத்தடியில் இருத்தித் தேநீர் கொடுக்கச் சொன்னார். அவன் என்னைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தான். எவனோ கடன்காரன் என்று நினைத்துக்கொண்டு நான் என் பாட்டில் சிலாபத்துறைக் கதைகளை அவிழ்த்துவிட்டேன். களமே சிரித்தது. கமக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பொழுது சாய்ந்தபோது கடைசி மூட்டையைக் கட்டினார்கள். அவர் கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார்.

“நானா, உங்கட வீட்டில கடும் சுகமில்லையாம். பேறுநோ முந்திக் கண்டிட்டுதாம். காலமை ஆள் வந்தது. களத்தில சொல்லப்படாது எண்டு இருந்தனான்.”

தன்னுடைய நல்ல எருதுகளைப் பூட்டித் தானே வண்டிலை ஓட்டி வந்தார்.  எங்கள் ஊர் இருக்கும் மன்னார்த் தீவுக்குப் பாலம் போடாத காலம் அது. கடைசித் தோணி போய்விட்டது. விடியும்வரை கரையில் கிடந்து, மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை அடக்கிவிட்டார்கள். பிள்ளையையும் அவளோடே வைத்துவிட்டார்களாம். முந்தின நாள் பின்னேரம் அஸர் தொழுகைவரை உயிர் இருந்தது, வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று மச்சான் சொன்னான். எங்கள் வழக்கத்தில் இறந்தவரின் மையத்தை அடக்காமல் வைத்துக் காத்திருப்பதில்லை. ஈர மண்ணைத்தான் நான் கண்டேன், அவள் முகத்தைக் காணவில்லை.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த மாரி மழை விட்டதும் மறுபடி பொட்டலத்தைத் தூக்கினேன். இந்த முறை முதலில் வெள்ளாங்குளம் போனேன். மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்திருந்தது. ஒரு வீட்டுக்குள் சாக்கைப் போர்த்துக்கொண்டு நடுங்கிக் கிடந்தவள் கமக்காரரின் மகள். அவள் அங்கே வாழ்க்கைப்பட்டது எனக்குத் தெரியும். அவளுடைய புருஷன் என்னை வாசலுக்குக் கூட்டி வந்து, தகப்பனுக்குச் சொல்லிவிடச் சொன்னான். 

அடம்பனுக்குப் போகும் வழியெல்லாம் நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது. நானும் ஒரு பகல் முழுக்கக் கதை சொல்லிச் சிரித்துவிட்டுப் பொழுது சாயச் சொன்னால் என்ன? அந்த எண்ணம் இனிப்பாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். களத்தில் மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார். நான் செருப்பைக் கழற்றவில்லை. பொலியை மிதித்துக்கொண்டே நேராக அவரிடம் போனேன்.

“உங்கட மகள் காய்ச்சலில கிடக்கிறா. தப்ப மாட்டா போல கிடக்குது. இப்பவே வெளிக்கிடுங்கோ.”

மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். கமக்காரர் சால்வையை எடுத்துக்கொண்டு வெள்ளாங்குளம் போகும் பாதையில் ஓடினார். அந்த வருஷம் பொலி குறைந்தது என்னால்தான் என்று அடம்பன் முழுக்கப் பேசினார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் எனக்குப் பாய் விரிக்கவில்லை.

ஆடியில் மடுவில் கடை விரித்திருந்தேன். சந்தடிக்குள் அவர் வந்து நின்றார். பாதியாக மெலிந்து போயிருந்தார். ஒரு சேலையைப் புரட்டிக்கொண்டே சொன்னார்:

“பிள்ளை என்னைக் கண்டவள், நானா. அப்பா எண்டு கூப்பிட்டவள். அதுக்குப் பிறகுதான் போனவள்.”

அவருடைய கண் நிறைந்து வழிந்தது. அடுத்த மாசிக்குக் கட்டாயம் வரச் சொன்னார், யார் என்ன சொன்னாலும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மகளைப் பறிகொடுத்து நிற்கும் மனிதரைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவர் மகள் தகப்பனைக் கண்டுவிட்டுப் போனாள். என் மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள். அவர் நிற்கும்போதே, விரித்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினேன்.