மான் தலைக்குப் பூசிய திருநீறு

அந்த மானை என் கணவர் சுடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிட்னியில் நாங்கள் இருந்த லிட்கம்மில் எங்களைத் தெரிந்திருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் அவர்தான் சுட்டார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தன. அவரோ பக்கத்தில் யாராவது முட்டை உடைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர். நாங்கள் சுத்த சைவம்.

சுட்டவர் ஒரு அவுஸ்திரேலியர். சாம்பியாவில் ஒரு செப்புச் சுரங்கத்தில் என் கணவர் பொறியியலாளராக இருந்தபோது அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர். லீவு கிடைத்தால் துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். நான் அவரைத் துரை என்பேன். அப்படிச் சொல்வது கணவருக்குப் பிடிக்காது, அதனாலேயே அடிக்கடி சொல்வேன். எழுபதுகளின் நடுப்பகுதியில் துரை சிட்னிக்குத் திரும்பி ஒரு பெரிய கொம்பனியில் மேலாளர் ஆனார். வெள்ளைக்காரர் அல்லாதவர்களுக்கு அந்த நாட்டின் கதவு அப்போதுதான் திறந்திருந்தது. தன்னிடம் வேலைக்கு வரும்படி கணவரை அழைத்தார். சில மாதம் பார்ப்பார்களாம், திருப்தி என்றால் நிரந்தரமாக்குவார்களாம். கூடவே ஒரு சின்ன உதவியும் கேட்டிருந்தார். கடைசி வேட்டையில் அவர் சுட்ட மானின் தலை, அதைக் கெடாமல் பாடம் செய்பவரிடம் இருக்கிறது, அதை உங்கள் வீட்டுச் சாமான்களோடு சேர்த்துக் கொண்டுவர முடியுமா?

வேலை தருகிறவர் கேட்டால் முடியாது என்று யார் சொல்வார்கள்?

தலை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. திருகித் திருகி மேலே போகும் கொம்புகளோடு அது என் தோளுயரம் இருந்தது. கண்ணாடிக் கண்கள் இரண்டும் நான் எங்கே நின்றாலும் என்னையே பார்த்தன. சமைக்கக் குசினிக்குப் போகிற வழியில் இருந்ததால் ஒரு பழைய சேலையை எடுத்து மூடிவிட்டேன். கணவர் அதற்காக வனவிலங்குக் கந்தோருக்கும் மிருக வைத்தியரிடமும் பூச்சிக்குப் புகை அடிக்கிறவரிடமும் அலைந்து அனுமதிகள் வாங்கினார். எனக்குப் பாஸ்போட் எடுக்கக்கூட அவர் அப்படி அலைந்ததில்லை. அதைச் சொல்லியும் காட்டினேன்.

கப்பல் முகவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். பெட்டிக்குள் வைக்கோல் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. அவுஸ்திரேலியா மாட்டையும் ஆட்டையும் நம்பி வாழ்கிற நாடு. வெளிநாட்டு மாட்டுநோய் வைக்கோலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். என்னுடைய நல்ல படுக்கை விரிப்புகளையே சுற்றித் தலையைப் பெட்டிக்குள் இறக்கினோம்.

ஆணி அடிக்கப் போகும் நேரத்தில் கணவர், "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சாமி அறைக்குப் போனார். புறப்படுகிற எதற்கும் திருநீறு பூசாமல் அவருக்குச் சரிவராது. காருக்குப் பூசுவார். சுரங்கத்துக்குப் புதிதாக வந்த பம்புக்குக்கூடப் பூசியவர். இலங்கையில் எங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரிப்பை விலக்கி, மானின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தார்.

"செத்ததுக்கு ஏனப்பா திருநீறு?" என்று கேட்டேன்.

"கடல் கடந்து போகுது. வழியில ஒண்டும் நடக்காமல் போய்ச் சேரட்டும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வைக்கோலுக்கு அவ்வளவு பயந்த நாங்கள், திருநீறு எதைச் சுட்டு எடுப்பது என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. எங்களுக்கு அது சாணி இல்லை, திருநீறு.

சிட்னியில் லிட்கம் ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு செங்கல் பிளாட்டில் குடியேறினோம். வேலை நிரந்தரமாகும்வரை கதிரை மேசை வாங்குவதில்லை என்று முடிவு. திருப்பி அனுப்பிவிட்டால் அவற்றை என்ன செய்வது? நிலத்தில் இருந்துதான் சாப்பிட்டோம். சாமி படங்களை உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கணவர் காலையில் குளித்துத் திருநீறு பூசிக் கும்பிடுவார். பிறகு வாசலில் நின்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவார். சாம்பியாவில் அந்த நெற்றியோடு சுரங்கத்துக்குள்ளேயே இறங்கியவர் அவர். இங்கே முதல் வாரம் ரயிலில் ஒரு பெண், நெற்றியில் அடிபட்டதா என்று அக்கறையாகக் கேட்டாளாம். அன்றைக்குத் தொடங்கிய துடைப்பு. வாசலில் அவர் கைக்குட்டையை எடுக்கும்போது நான் உள்ளே போய்விடுவேன். பார்க்க மனம் வரவில்லை.

கப்பல் வந்தது. பெட்டி வரவில்லை. நோய் வராமல் சோதிக்கிற குவாரண்டைன்காரர் மறித்து வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரர் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று முகவர் அறிவித்தார். கணவர் அரைநாள் லீவு எடுத்தார், நானும் கூடப் போனேன். துறைமுகத்தில் ஒரு பெரிய கொட்டகை. நடுவே ஒரு மேசையில், என் படுக்கை விரிப்பின் மேல், நெற்றி நிறையத் திருநீற்றோடு எங்கள் மான். கோயில் வாசலில் நிற்கிற பக்தரைப் போல அது இருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு நின்றதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"இந்த வெள்ளைத் தூள் என்ன?" என்று அதிகாரி கேட்டார். மரியாதையான, இளைத்த மனிதர்.

"சாம்பல்" என்றார் கணவர்.

"எதனுடைய சாம்பல்?"

நான் கணவரின் காலை மிதித்தேன். விறகுச் சாம்பல் என்று சொன்னால் முடிந்தது காரியம். அவர் காலை நகர்த்திவிட்டு, "பசுவின் சாணத்தைச் சுட்டு எடுத்தது. எங்கள் சமயத்தில் புனிதமானது" என்றார்.

"எந்த நாட்டுப் பசு?"

"இலங்கை."

அதிகாரி மேசையிலிருந்து ஒரு அடி பின்னால் போனார். இதை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும், நோய்க்கு இடமிருக்கிறது என்று முடிவு வந்தால் தலையை எரித்துவிடுவோம் என்று சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ரயிலில் திரும்பும்போது, "விறகுச் சாம்பல் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"திருநீறை வைச்சுக்கொண்டு பொய் சொல்லச் சொல்லுறீரோ?"

"துரையின்ர மான் தலையை எரிச்சுப் போட்டு, அவரிட்டையே வேலை கேட்டு நிக்கேலுமோ?"

 லிட்கம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் இன்னும் மறக்கவில்லை. துரை காலையில் என் கணவரின் மேசைக்கு வந்து, "நம்முடைய ஆள் வந்து சேர்ந்துவிட்டாரா?" என்று கேட்பாராம். இவர், "கப்பல் தாமதம்" என்பாராம். திருநீற்றுக்காகப் பொய் சொல்ல மறுத்த மனிதர் கப்பலுக்காகத் தினமும் சொன்னார். நான் அதைக் குத்திக்காட்டியபோது, "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று அவருக்கும் தெரிந்திருக்காது. இரவுச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். எங்களுக்கும் அழைப்பு வருகிற கீழ்வீட்டு டெலிபோன் அடித்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வோம். சாம்பியா வேலையை விட்டாயிற்று. ஊரில் வீட்டை வாடகைக்குக் கொடுத்தாயிற்று. திரும்பிப் போக ஓரிடமும் இல்லை. இதற்கிடையில் துரை, சுவரில் கொக்கி அடித்தாகிவிட்டது, தலை வந்ததும் ஒரு விருந்து, நீங்கள் இருவரும் அவசியம் வர வேண்டும் என்று வேறு சொல்லிவிட்டார். எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் வேலை போவதைப் பார்ப்பது என்று நான் கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு நானே அழுதேன்.

கடைசியில் முகவர் நல்ல செய்தி சொன்னார். சாம்பல் நெருப்பில் நன்றாக வெந்ததுதான், அதில் பழுதில்லை. தலைக்கு மருந்துப் புகை கொடுத்து, தூளை முடிந்தவரை தட்டிவிட்டு, நேரே துரையின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் வயிறாரச் சாப்பிட்டோம். துரைக்கு ஒன்றும் தெரியாது, இனித் தெரியவும் வேண்டாம் என்று நான் சொன்னேன். கணவர் எழுந்து கை கழுவப் போனார்.

விருந்து ஒரு ஞாயிறு மத்தியானம். துறைமுகப் பாலத்தைத் தாண்டி வடக்கே, மரங்களுக்கு நடுவே துரையின் வீடு. தோட்டத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு தட்டில் உருளைக்கிழங்கும் இலைதழையும் கொடுத்தார்கள். உள்ளே கணப்படுப்புக்கு மேலே மான் தொங்கியது. எல்லோரும் கிளாசோடு அதைப் பார்க்கக் கூடினார்கள். நானும் பார்த்தேன். தண்ணீரில் குழைத்துப் பூசியது மயிருக்குள் இறுகிவிட்டிருந்தது. மங்கலாக, ஆனால் மூன்று கோடும் இருந்தன.

ஒரு பெண் கிட்டப் போய், "இந்த மானுக்கு நெற்றியில் கோடு இருக்குமா?" என்று கேட்டாள்.

துரை எட்டிப் பார்த்தார். "நான் சுடும்போது இருந்ததாக நினைவில்லையே" என்றார். பிறகு என் கணவரிடம் திரும்பினார். "கொண்டுவந்தவர் நீங்கள். இது என்ன?"

 கடவுளே, தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். திருநீறு, சாணி, கொட்டகை, எரிக்கப் பார்த்தது, கப்பல் தாமதமே இல்லை என்பது.  அப்புறம் துரை சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். தப்பினோம் என்று எனக்கு உயிர் வந்தது. உடனேயே, இதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று கோபமும் வந்தது.

"அந்தத் தூள் இப்போது கைவசம் இருக்கிறதா?" என்று துரை கேட்டார். "பாருங்கள், மங்கிப்போய்விட்டது. இன்னொரு தடவை பூசிக் காட்டுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்."

ஒருவர் ஏறி நிற்க ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் கமெராவைத் தூக்கினார். கணவரின் சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் எப்போதும் இருக்கும். பூசிவிடுங்கள், வேலை முக்கியம் என்று நினைத்தேன். இவர்களுக்கு முன்னால் வித்தை காட்ட வேண்டாம் என்றும் அதே மூச்சில் நினைத்தேன். அவர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஸ்டூலில் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, மூன்று விரலால் தன்னுடைய நெற்றியில் பூசிக்கொண்டார்.

"இது பயணம் போகிறவர்களுக்குப் பூசுவது" என்றார். "இவர் வந்து சேர்ந்துவிட்டார்."

"அப்படியானால் உங்களுக்கு எதற்கு?"

"நான் நாளைக்கு வேலைக்கு வர வேண்டும்."

கமெரா வைத்திருந்தவர் அதைக் கீழே இறக்கினார். துரை சிரிக்கவில்லை. என் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இறைச்சி கருகுகிறது என்று தோட்டத்துக்குப் போனார். நாங்கள் புறப்படும்போது கை மட்டும் கொடுத்தார். ரயிலில் எதிரே இருந்தவர்கள் கணவரின் நெற்றியைப் பார்த்தார்கள்.

"வேலை போயிட்டுதோ?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார்.

திங்கட்கிழமை காலை குளித்துத் திருநீறு பூசிக் கும்பிட்டார். வாசலில் கைக்குட்டையை எடுத்தார். அன்றைக்கு நான் உள்ளே போகவில்லை. அதை மடித்துத் திரும்பவும் பையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அன்று முழுதும் ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியைக் களைந்துவிட்டு உலை வைக்க மறந்தேன். பெட்டிகளை எந்த ஒழுங்கில் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

வழக்கமான ரயிலில்தான் வந்தார். கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தேன்.

"என்ன சொன்னவர்?"

"புது வரைபடம் ஒண்டு தந்தவர். கெதியில முடிக்கட்டாம்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை." சப்பாத்தைக் கழற்றினார். "சனிக்கிழமை கதிரை பாக்கப் போவம்."

"இன்னும் நிரந்தரமாக்கேல்லையே?"

"பரவாயில்லை."

அவர் நிமிர்ந்தபோது நெற்றியைப் பார்த்தேன். வியர்வையில் கீழ்க்கோடு அழிந்திருந்தது. மற்ற இரண்டும் காலையில் பூசியபடி இருந்தன.

"துடைக்கேல்லையோ?" என்றேன்.

"மறந்துபோனன்" என்றார். அந்த மனிதர் எதையும் மறக்கிறவர் அல்ல.