வானம், நிலம், நீர், அப்புறம் என் நண்பன்

இதில் யாருடைய பெயரும் வராது. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். பெயரைச் சொல்லாமலே ஒருவனின் கழுத்தை அறுக்கலாம் என்பதை நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், எங்கள் வாசகசாலையின் முன்வரிசையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அறுத்தவன் என் நண்பன். என் மூன்றாவது மகளுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான்.

நான் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவன் ஆங்கிலப் பள்ளியில் வாத்தியார். இரண்டு பேரும் ஒரே மாதா கோவிலில் பூசை கண்டவர்கள். அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. சீனர்களின் தாவோ சமயம் ஆதியில் எப்படித் தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைக்காரர்கள் எழுதிய தடித்தடியான புத்தகங்களைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்துப் படிப்பான், படித்துவிட்டுத் திட்டுவான். அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடின: முதலில் சில ஞானிகள் உயர்ந்த தத்துவம் சொன்னார்கள், பிறகு பூசாரிகள் வந்து தாயத்தும் மந்திரமுமாக அதைக் கெடுத்துவிட்டார்கள். இவன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த முதல் சபைகளைச் சேர்த்துக் கட்டியது தத்துவம் இல்லை, நோய்தான் என்பான். உடம்பு முடியாமல் கிடந்தவர்கள் எதற்காக அங்கே போனார்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்பான். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, மயங்கியே போனேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் கிள்ளானுக்கு ரயில் ஏறுவோம். அங்கே ஆற்றுப் பக்கத்தில் ஊதுவத்தியும் சாமிக்கு எரிக்கிற காகிதமும் விற்கும் ஒரு சீனக் கிழவர் இருந்தார். பழைய எழுத்துப் படித்தவர். அவர் ஹொக்கியன் சீனத்தில் வாசிப்பார், பிறகு மலாயில் விளக்குவார். என் நண்பனுக்கு இங்கிலீஷ் பிரமாதம், கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் வராது. சரக்குக் கொட்டகையில் சீன முதலாளிகளான தவுக்கேமார்களோடு மல்லுக்கட்டிப் பழகியவன் நான். ஆகவே கேட்பதும் நான், தமிழில் சொல்வதும் நான், உட்கார்ந்து எழுதிக்கொள்வது அவன்.

ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதிகள் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தன. அந்தச் சபையில் நோயாளியை ஓர் அமைதியான அறையில் தனியே உட்கார வைப்பார்களாம். தான் செய்த பிழைகளை அவன் நினைத்துப் பார்க்க வேண்டுமாம். பிறகு வானத்துக்கு ஓர் அதிகாரி, நிலத்துக்கு ஒருவர், நீருக்கு ஒருவர், மூவரிடமும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சின்னப் பிழைக்குப் பரிகாரம், ஒரு துண்டுச் சாலையைச் செப்பனிடுவது. வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டி அரிசியும் இறைச்சியும் வைத்திருப்பார்கள். பசித்தவன் வயிறு நிறையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம், காசில்லை. அதற்கு மேல் மூட்டை கட்டினால் ஆவிகள் அவனை நோயில் தள்ளும். சாலை போட்டால் பாவம் தீரும் என்றால் நம் ரோட்டுக் கூலிகள் அத்தனை பேரும் மோட்சத்துக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொன்னேன். கிழவர் வெகுநேரம் சிரித்தார். என் நண்பன் சிரிக்கவில்லை. எல்லாம் புத்தகத்தில் இருப்பதுதானே, கண்ணால் கண்டது ஒன்றாவது வேண்டும், அது இல்லாமல் வெள்ளைக்காரன் மதிக்கமாட்டான் என்று ரயிலில் முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

அந்த வருஷம்தான் என் மூன்றாவது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு அப்போது ஐந்து வயது. ரயில்வே ஆஸ்பத்திரி டிரசர் கொய்னா மாத்திரை கொடுத்தார், இறங்கவில்லை. குளிர், சூடு, வியர்வை, மறுபடி குளிர். வாய்க்கு வந்ததை உளற ஆரம்பித்தாள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. இது நான் கேட்டு வாங்கியது.

அவள் பிறந்த அன்று, மறுபடியும் பெண் என்று மருத்துவச்சி வந்து சொன்னதும், நான் பின்வாசலில் முட்டி போட்டு, ஆண்டவரே, இதை நீரே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினேன். கோபத்தில் வந்த வார்த்தை இல்லை, ஜெபம். இரண்டே நாளில் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள், நான் அவளுக்கு அடிமையாகிவிட்டேன், அது வேறு. ஆனால் கேட்டது கேட்டதுதானே. சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. எங்கள் பங்குச் சாமியார்தான் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், பூசைக்குப் பூசை அவள் கன்னத்தைத் தட்டுகிறவர். அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நண்பனிடம் முழுதாகச் சொல்லவில்லை. மனசில் ஒரு பாரம் இருக்கிறது என்றேன். கிள்ளானுக்குப் போகலாம் வா என்று அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். கிழவர் கடைக்குப் பின்னால் ஓர் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்து கொடுத்தார். பிள்ளைக்காகத் தகப்பன் பேசலாம் என்றார். அந்தக் காலத்தில் எழுதித்தான் கொடுப்பார்களாம், நான் எழுதமாட்டேன், வாயால் சொல்கிறேன் என்றேன். சரி என்று ஒரு ஊதுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது, நண்பனை உடன் இருக்கச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். வானத்துக்கும் நிலத்துக்கும் நீருக்கும் தமிழ் தெரியுமோ என்னவோ. அந்த அறையில் தமிழ் தெரிந்த ஆள் அவன் ஒருவன்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது வெளியே போகாது. சின்ன வயதிலிருந்து கோவில் போகிற எங்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவே வேண்டாம். அறை சீனருடையதாக இருந்தால் என்ன, கேட்டவன் என்னோடு நற்கருணை வாங்கினவன். அவனிடம் போய் இதை யாரிடமும் சொல்லாதே என்று நான் கேட்டிருந்தால்தான் அது அவமானம்.

பரிகாரத்துக்குக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த செம்மண் சந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஆற்றோரத் தாழ்வு, மழை விட்ட பிறகும் கணுக்கால் சேறு. அலுவலகம் விட்டதும் கூடையும் மண்வெட்டியுமாகச் சரளை கொட்டி மிதித்தேன். ரோட்டுக் கூலிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கிராணி அண்ணே, வேலைய மாத்திட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். காய்ச்சல் இறங்கியது. கொய்னாவாலா சாலையாலா என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் எழுந்து நடந்த அன்று, இது உனக்கு உடம்பு சரியாக அப்பா போட்ட ரோடு என்று காட்டினேன். அன்றிலிருந்து அது "என் ரோடு." கான்வென்ட்டில் சேர்ந்த பிறகு தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் பள்ளிக்குப் போவாள், கூட வரும் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வாள். என் மனைவியும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

அவளுக்குப் பத்து வயதானபோது நண்பனின் ஆராய்ச்சி முடிந்தது. வாசகசாலையில் சாயந்திரம் சொற்பொழிவு, இங்கிலீஷில். வெள்ளைக்காரத் துரைமார் சிலர், வாத்தியார்கள், கிராணிகள். ஞானத்தகப்பன் பேசுகிறாரே என்று மனைவியும் கடைக்குட்டியான அவளும் புதுத்துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. மகள் காதோரமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், கடையானாலும் டாக்டரானாலும் எப்போதும் செய்கிற வேலைதான் அது.

நன்றாகத்தான் பேசினான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சத்திரம் வந்தது, சாலை வந்தது, அமைதியான அறை வந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்தப் பழைய சடங்கு இன்றும் மனித மனத்தில் வேலை செய்வதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னான். இதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயில்வே குமாஸ்தா. மூன்று பெண்களின் தகப்பன். மூன்றாவது பிறந்தபோது, அதை எடுத்துக்கொள்ளும்படி முட்டி போட்டுக் கடவுளை வேண்டியவர். அந்தக் குழந்தை காய்ச்சலில் விழுந்ததும் கிள்ளானில் ஒரு சீனரின் பின்னறையில் அழுது ஒப்புக்கொண்டு, தன் கையாலேயே ஒரு சந்துக்குச் சரளை போட்டவர்.

அந்தச் சந்துக்குச் சரளை போட்டவன் யார் என்று ஊருக்கே தெரியும். தலைகள் என் பக்கம் திரும்பின. நான் மகளைப் பார்த்தேன். அவள் வாய் நின்றுவிட்டது.

மனைவி அவளை முழங்கையால் இடித்தாள். "என்னா சொல்றாரு? ஏன் நிறுத்திட்ட?"

மகள் என்னைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணும் இல்லம்மா. ஒரு அப்பா, அவரு பொண்ணுக்குக் காய்ச்சல் நிக்கணும்னு ரொம்ப அழுதாராம்."

"பாவம்," என்றாள் மனைவி.

முடிந்ததும் கைத்தட்டல். ஒரு துரை எழுந்துபோய் அவன் கையைக் குலுக்கினார். தெரிந்தவர்கள் சிலர் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்கள், அதற்கு அவர்கள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். வீட்டாரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். என்ன காரியம் செய்தாய் என்று கேட்டேன். அவனுக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது, அதை நினைத்தால்தான் எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது. என்னால்தான் அந்தக் கட்டுரையே நிற்கிறதாம். நான் அறிவுக்குச் செய்த உதவியாம்.

"நான் பேர் சொல்லலையேடா," என்றான். "அப்புறம், நான் என்ன சாமியாரா?"

"அந்தச் சத்திரத்துல வயிறு நிறைய சாப்பிட்ட," என்றேன். "அஞ்சு வருஷம் சாப்பிட்ட. நான் ஏதாவது சொன்னனா? மூட்டையும் கட்டிட்டியேடா."

அவனுக்குப் புரிந்தது. எங்கள் இருவரையும் தவிர வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. முகம் சுண்டிப்போய் நின்றான், மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு அவன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். கட்டுரை அச்சில் வந்ததாகவும் சொன்னார்கள். நான் தேடிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் கேட்பாள் கேட்பாள் என்று காத்திருந்தேன். பதில்கூட ஒன்று தயாராக வைத்திருந்தேன். என் விரலைப் பிடித்த கதையைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சாப்பிட்டாள், பாடம் படித்தாள், ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படுத்தாள். மறுநாளும் கேட்கவில்லை. நானாகச் சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம், "அம்மா கூப்பிடுறாங்கப்பா," என்று எழுந்து போய்விடுவாள்.

பள்ளிக்கு மட்டும் பெரிய ரோடு சுற்றிப் போக ஆரம்பித்தாள். நேரமாகிறதே என்று அவள் அம்மா கேட்டிருக்கிறாள், ஏதோ காரணம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை நான் வேலை விட்டு வந்ததும் மனைவி கூடையைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்திருந்தாள்.

"என்னாங்க, நீங்க போட்ட ரோட்டுல மறுபடியும் சேறாம். பிள்ள சுத்திப் போவுது. ஒரு கூடை சரளை போட்டு விடுங்களேன்."

மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, பக்கமும் திருப்பவில்லை. நான் கூடையை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். முதல் நாள் நல்ல மழை. அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நடந்து பார்த்தேன். சேறு இல்லை.