ஒற்றைச் செருப்பு

கடலைப் பார்க்கப் போய், ஐந்து நாளும் ஒரு மனிதரின் விசிலைக் கேட்டுவிட்டு வந்தவள் நான். மழைக்காலத்தில் போனது தப்புதான். என்ன செய்ய, ஆபீசில் வேறு எப்போது கேட்டாலும் லீவு கிடையாது. அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. பிறந்ததிலிருந்து கடலைக் கண்டதில்லை. அதில் ஒரு தடவை காலை நனைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. முழங்கால் இருக்கிற இருப்பில் இன்னொரு பயணம் நடக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஐந்து நாளும் விடாத மழை. லாட்ஜில் தலையணை ஈரம், துண்டு ஈரம், தீப்பெட்டிகூட ஈரம். கடற்கரையில் சிவப்புக் கொடி, குறுக்கே நீளமாக ஒரு கயிறு, கயிற்றருகே விசில்காரர். யாரும் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஐம்பது வயதிருக்கும். கயிற்றை யாராவது தொட்டாலே உயிர் போகிற மாதிரி ஊதுவார். அது போதாதென்று, கயிறுவரை போக வேண்டுமானால் ஆளுக்கு ஒரு செருப்பைக் கழற்றி அவருடைய மர அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

"எதுக்குங்க ஒத்தச் செருப்பு?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஒத்தச் செருப்போட யாரும் ஊருக்குப் போக மாட்டாங்க மேடம்," என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளின் செருப்பை வாங்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் டீக்கடை அக்காதான் மிச்சத்தைச் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மழை நாளில், எல்லாரும் போயாச்சு என்று நினைத்து இவர் கொடியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மணலில் ஒரு ஜோடி செருப்பு.

"அதுக்கப்புறம் அந்த மனுஷன் ஆளை எண்றதில்ல, செருப்பைத்தான் எண்றார். அலமாரி காலியானாத்தான் வீட்டுக்குப் போவார். பொண்டாட்டி திட்டித் திட்டி ஓஞ்சு போயிட்டா."

கேட்கும்போது பாவமாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் அந்தப் பாவமெல்லாம் பறந்துவிட்டது. ஆறரைக்கு எங்களுக்குப் பஸ். நாலரைக்குக் கடைசித் தடவையாகக் கடற்கரைக்குப் போனோம். அம்மா மஞ்சள் வார் வைத்த ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்தபடி கயிறுவரை நடந்தாள்.

"தம்பி, ரெண்டே எட்டு. காலை நனைச்சுட்டு வந்துடறேன்."

"இன்னைக்கு அலை சரியில்லம்மா. மன்னிச்சுக்குங்க."

"என் பொண்ணு கையைப் பிடிச்சுக்குவா."

"அவங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும்மா."

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "அஞ்சு நாளா இதே பாட்டு! கடலை உங்க பேருக்கா எழுதி வச்சிருக்கு?" என்று கத்தினேன். அவர் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார். அதில் ஆத்திரம் இன்னும் கூடியது. அந்த நேரம் பார்த்து மழை வலுத்தது. தூரத்தில் யாரோ இரண்டு பேர் கயிற்றுக்கடியில் நுழைய, அவர் ஊதிக்கொண்டே அந்தப் பக்கம் ஓடினார். நனைந்த கூட்டம் அலமாரியை மொய்த்தது. என் செருப்பு மேலேயே இருந்தது. அம்மாவுடையது எங்கோ அடியில்.

"என் செருப்புடீ," என்றாள் அம்மா.

"தேஞ்ச செருப்பு, அந்த ஆளே போட்டுக்கட்டும். நீ வா!" என்று அவளை இழுத்து ஆட்டோவில் ஏற்றினேன்.

லாட்ஜில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது மேனேஜர் கதவைத் தட்டினார்.

"கொஞ்சம் முன்னாடியே கிளம்பிடுங்க மேடம், பீச் ரோடு பூராக் கூட்டம். யாரோ வயசான அம்மாவைக் கடல் கொண்டுபோயிடுச்சாம். ஒத்தச் செருப்பு கிடக்குதாம். விசில்காரர் முக்கால் மணி நேரமாத் தண்ணிக்குள்ள தேடறார். ஏறி வான்னா வரமாட்டேங்கறாராம்."

அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

பஸ்ஸாவது ஒன்றாவது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். அவர் இடுப்பில் வடம் கட்டி, மறுமுனையை நாலு மீனவர்கள் பிடித்திருந்தார்கள். அவர் முங்குவதும் எழுவதும் மறுபடி முங்குவதுமாக இருந்தார். "இருக்காங்க! இங்க இருக்காங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அம்மா என் கையை உதறினாள். கயிற்றை ஒரு கையால் அழுத்தித் தாண்டினாள். அந்த முழங்கால் எப்படித்தான் தூக்கியதோ! நேராகத் தண்ணீருக்குள் போனாள். அலை வந்து அவள் புடவையை முழங்கால்வரை நனைத்தது. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"தம்பி! நான் இங்க இருக்கேன்யா! வெளிய வாய்யா!"

அவர் திரும்பிப் பார்த்தார். கை தன்னால் விசிலைத் தேடிக் கழுத்துக்குப் போனது. விசிலைக் கடல் கொண்டுபோயிருந்தது. தட்டுத் தடுமாறி வந்து, அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் முதலில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் விட்டார். அப்புறம்தான் மணலில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

என்னை அவர் திட்டியிருக்கலாம். திட்டுவார் என்றுதான் தலையைக் குனிந்து நின்றேன். அவர் நடுங்கிக்கொண்டே எழுந்துபோய், அலமாரியில் தனியாகக் கிடந்த மஞ்சள் வார் செருப்பை எடுத்து வந்து அம்மாவின் காலடியில் வைத்தார்.

"போட்டுக்குங்கம்மா," என்றார். "நானும் வீட்டுக்குப் போகணும்."