கெப்சூலும் இரண்டு கோப்பைக் கஞ்சியும்

‘2024 பெப்ரவரி 12, திங்கள். காலை 6.10. கறுவா, வெள்ளைப்பூண்டு கெப்சூல் ஒன்று. மாற்றம் எதுவும் தெரியவில்லை.’ என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. முதல் நாளே மாற்றத்தை எதிர்பார்த்திருக்கிறேன்.

அதற்கு முந்தைய வாரம் டொக்டர் என் கொலஸ்ட்ரோல் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் குறையாவிட்டால் தினமும் ஒரு மாத்திரை, அதுவும் ஆயுள் முழுக்க, என்று சொல்லியிருந்தார். ஐம்பத்தெட்டு வயதுவரை தினசரி மாத்திரை எதையும் விழுங்காதவன் நான். அந்தப் பெருமையை விட மனம் வரவில்லை. மனைவியின் தம்பி எங்கள் ஊரிலிருந்து நாலந்தா போகும் பாதையில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக்காரர்களுக்குச் செடிகளைக் காட்டி விளக்கம் சொல்பவர். கெப்சூல் போத்தலை அவர்தான் கொண்டுவந்தார். கேட்குமா என்றேன். வாங்கிப்போன ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்றார். அவர்கள் யாரும் திரும்பியே வந்ததில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மனைவி தன் பங்குக்குத் தேங்காய்ப்பாலை நிறுத்தினாள். பருப்பும் கிழங்கும் மீனும் வெறும் தண்ணீரில் வெந்தன. தேங்காய்ச் சம்பலுக்கும் தடை. மூன்று மாதமும் முனகாமல் சாப்பிட்டேன் என்று எழுத ஆசைதான்; ஆனால் முனகிய தேதிகளும் நாட்குறிப்பில் இருக்கின்றன.

மே 13ஆம் தேதி புதிய ரிப்போட் வந்தது. அளவு கூடியிருந்தது. மச்சான் அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். மனைவியோ என் நாட்குறிப்பை வாங்கிப் புரட்டினாள். இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் கெப்சூலுக்குப் பக்கத்தில் ‘வல்லாரைக் கஞ்சி, இரண்டு கோப்பை’ என்று எழுதியிருந்தது. காலை நடை முடிந்ததும் பஸ் நிறுத்தத்தருகே கஞ்சி விற்கும் ஓர் அம்மாவிடம் குடிப்பது. கெப்சூலைச் சூடான எதனுடனாவது விழுங்கச் சொன்னது மச்சான்.

“ஏங்க, அந்தக் கஞ்சியில என்ன ஊத்துறாங்க?”

இலைச்சாறு என்றேன்.

“அப்புறம்?”

இந்தப் பக்கத்தில் தேங்காய்ப்பால் இல்லாமல் யாரும் இலைக்கஞ்சி காய்ச்சுவதில்லை. எனக்கும் தெரியும். பச்சையாக இருந்ததால் மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

“வீட்டுல என்னைய பாலில்லாம சமைக்க வச்சிட்டு, ரோட்டுல போயி குடிச்சிருக்கீங்க” என்றாள்.

கெப்சூல் மேல் தப்பில்லை என்று மச்சான் மெதுவாகச் சொன்னார்.

“நீ பேசாத. சூடா குடிங்க மாமான்னு சொன்னவன் நீதானே.”

மே 14 முதல் டொக்டரின் மாத்திரை, வெறும் தண்ணீரோடு. இரண்டையும் கலக்க வேண்டாம் என்று அவர் சொன்னதால் கெப்சூல் போத்தல் அலமாரிக்குப் போய்விட்டது. கெப்சூல் வேலை செய்து, கஞ்சி அதைக் கெடுத்ததா என்பதை இனி அறிய வழியில்லை. தான் ஊற்றியது நீர்த்த இரண்டாம் பால் மட்டும்தான் என்று கஞ்சி விற்கும் அம்மா சொல்கிறார். அதை நான் இன்னும் உறுதி செய்யவில்லை.